கல்லிலா இருக்கின்றது பாக்கியம்?

தெப்ராவில் வாழும் நம்மவர் விடுமுறை நாளிற் குடும்பத்தோடு மலாக்கா சென்று, குன்றின்மேல் நிற்கும் செயிண்ட் பால் ஆலயத்தின் இடிபாட்டைக் கண்டு வருதல் நன்றே. 1521-இல் போர்த்துகீசியர் எழுப்பிய சிற்றாலயமே பின்னர்ப் பெரிதாயிற்று. பிரான்சிஸ் சவேரியாரின் உடல் 1553-இல் கோவாவுக்குச் செல்லுமுன் அங்கேதான் இருந்தது. 1641-இல் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர். நாளடைவில் ஆலயம் இடுகாடாயிற்று. இன்று அதற்குக் கூரையில்லை. புனிதர் உடல் கிடந்த இடத்துக் கல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ளவில்லை என்பதைக் கண்ணாரக் கண்டவர், ஊர் திரும்பியதும் பிள்ளைக்கு ராசிக்கல் மோதிரம் தேடுவானேன்?

அக்கல் பிறக்குமிடத்தையும் சிறிது எண்ணுவோம். இலங்கையின் இரத்தினபுரியிலே தொழிலாளர் ஆழக் குழிகளில் இறங்கி, நீரை இறைத்து, சரளை மண்ணை மேலேற்றிக் கூடையிலிட்டு அலசுகின்றனர். நீலக்கல்லை முதன்முதல் தீண்டுவது அவர்கள் கையே. தீண்டினால் பாக்கியம் வருமாயின், குழி வெட்டுவோனன்றோ குபேரனாயிருத்தல் வேண்டும்? அவனோ, கிடைப்பதில் ஒரு சிறு பங்கை நம்பி மறுநாளும் குழியில் இறங்குகின்றான்.

கல்லே அருள்கின்றதென்று பிள்ளைக்குச் சொல்லும்போது, அதைத் தோண்டியெடுத்த மனிதனை அவன் கண்ணினின்றும் மறைத்து விடுகின்றோம். பொய்ந்நம்பிக்கையினும் பெரிய தீங்கு இதுவே. மோதிரத்துக்கு வைத்த பணத்தில் அவனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். இரத்தினபுரிக் குழியின் கதையையும் கூடவே சொல்லுங்கள்.