திரும்புவதற்கு வேண்டிய இடம்

காரின் பெருமையைப் பேசுவோர் அதன் வேகத்தைப் பேசுவர், வடிவத்தைப் பேசுவர், விலையையும் பேசுவர். அது திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைப் பேசுவோர் அரியர். எனினும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியவர் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்ளும் உண்மைகளுள் இதுவும் ஒன்று. வீதியின் ஓரத்திலிருந்து சுக்கானை முற்றாக வளைத்துப் புறப்பட்டால், பாதி திரும்புமுன் எதிர்ப்புற மதில் வழிமறிக்கும். நிறுத்தி, பின்னோக்கிச் செலுத்தி, மறுபடி வளைத்து, மீண்டும் பின்சென்றே வந்த வழி மீளவேண்டும். இதற்கிடையில் இருபுறமும் நாலைந்து வாகனங்கள் காத்துநிற்கும். இக்கட்டுரையாளனிடம் இருப்பது ஒரு சைக்கிள் மாத்திரமே. ஆகவே காத்துநிற்போரின் பக்கத்திலிருந்தே இதனை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது முறையாகும்.

முன்சில்லுகளை இயன்ற அளவு திருப்பிய நிலையில் கார் வரையும் மிகச் சிறிய வட்டத்தின் விட்டத்தையே அதன் திரும்பு வட்டம் என்பர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட நீளமும், முன்சில்லு திரும்பும் கோணமும் அதனைத் தீர்மானிக்கின்றன. நீளம் 2.5 மீற்றராகவும், வெளிப்புறச் சில்லின் கோணம் 30 பாகையாகவும் இருப்பின் விட்டம் 10 மீற்றராகும். கோணம் 25 பாகையாகச் சுருங்குமாயின் விட்டம் 12 மீற்றரை நெருங்கிவிடும். அந்த ஐந்து பாகையை விழுங்குவன எவை என்று நோக்கின், பெரும்பாலும் வேகத்தைத் தரும் உறுப்புக்களே. அகன்ற ரயர்கள் அதிகம் திரும்பினால் உடற்கூட்டில் உரசும். பெரிய எஞ்சின் முன்சில்லுகளுக்கு இடையிலுள்ள வெளியை அடைத்துக்கொள்ளும். முன்சில்லுகளே காரை இழுப்பனவாயின் அவற்றுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் தண்டின் மூட்டுக்களும் ஓர் எல்லைக்கு மேல் மடியமாட்டா. 2002ஆம் ஆண்டளவில் வெளிவந்த அல்பா றோமியோ 147 ஜீ.ரீ.ஏ. என்னும் கார் இதற்கு நல்ல உதாரணம். சிறிய காரின் மூக்கினுள் 3.2 லீற்றர் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்காகப் பொருத்தினார்கள்; வலு 250 குதிரை. அது திரும்புவதற்கு ஏறத்தாழ 12 மீற்றர் வேண்டியிருந்தது. அந்த எஞ்சினின் ஒலியை இசையென வியந்தவர்களே அதனைத் தரிப்பிடத்தில் திருப்பமுடியாது அல்லலுற்றார்கள்.

இதனைக் குறை என்று கூறலாமா என்பதே நம் முதல் வினா. ஒரு பொருளின் சிறப்பு அது தனக்குரிய தொழிலை நன்கு ஆற்றுவதில் உள்ளது என்பார் அரிஸ்டோட்டில். நன்கு காண்பது கண்ணின் சிறப்பு. நன்கு ஓடுவது குதிரையின் சிறப்பு. இவ்வளவையால் நோக்கின் இலண்டன் நகரின் வாடகைக் கார் 25 அடி வட்டத்துள் திரும்பவேண்டும் என்ற விதி பொருத்தமானதே. ஒடுங்கிய தெருக்களில் திரும்புவது அதன் தொழில். அதனிடம் எவரும் 250 குதிரைவலுவை எதிர்பார்ப்பதில்லை. அவ்வாறாயின் விரைந்தோடப் பிறந்த காரிடம் திரும்பும் ஆற்றலை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. அது குறையன்று, சிறப்புக்குக் கொடுத்த விலை. இவ்விடை எனக்கு நெடுநாள் போதுமானதாக இருந்தது. இப்பொழுது போதவில்லை.

ஏனெனில், விலை என்று நாம் சொல்வது எப்பொழுதும் தவிர்க்கமுடியாததன்று. 1959இல் இங்கிலாந்தில் ட்ரயம்ப் ஹெரால்ட் என்னும் கார் வெளிவந்தது. அதன் முன்சில்லுகள் வியக்கத்தக்க அளவு மடியும். இலண்டன் வாடகைக் காரைப் போல் அதற்கும் ஏறத்தாழ 25 அடியே போதும். அதன் உறுப்புக்களைக் கொண்டு 1962இல் ஸ்பிற்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதுவும் அவ்வாறே திரும்பியது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் திரும்பாது என்ற நியதி இயற்கையில் இல்லை என்பதற்கு இதுவே சான்று. (ஸ்பிற்ஃபயருக்கு வேறு நோய் இருந்தது. வளைவில் வேகமாகச் செல்லும்போது திடீரெனக் காலைத் தளர்த்தினால் பின்சில்லு உள்மடங்கிக் கார் சுழன்றுவிடும். 1970ஆம் ஆண்டின் மாதிரியிலேயே அதற்கு ஒழுங்கான பரிகாரம் கண்டார்கள்.) 2013இல் போர்ஷ நிறுவனம் தன் 911 வகைகள் சிலவற்றில் பின்சில்லுகளும் சிறிது திரும்புமாறு செய்தது. மெதுவாகச் செல்கையில் அவை முன்சில்லுகளுக்கு எதிர்த்திசையில் திரும்பி வட்டத்தைச் சுருக்குகின்றன. ஆகவே, 'இயலாது' என்று நாம் கேட்பவற்றுட் பல, 'அதற்குச் செலவிட விரும்பவில்லை' என்பதன் மறுவடிவங்களே.

இரண்டாவது வினா இதனினும் கடினமானது. விலை உண்டு என்றே கொள்வோம். அதனைக் கொடுப்பவர் யார்? வேகத்தை அனுபவிப்பவர் ஒருவர். மதிலருகில் அவர் முன்னும் பின்னும் அசைகையில் காத்துநிற்பவர் வேறொருவர்.

நம் ஊர்த் தேரும் எளிதில் திரும்பாது. அதன் அச்சு அசையாதது. சில்லின் கீழே கட்டைகளைச் செருகியே வீதி மூலையில் அதனைத் திருப்புகிறார்கள். (முட்டுக்கட்டை என்றால் தடை என்று வழக்கில் பொருள்கொண்டுவிட்டோம், தேரை வழிப்படுத்துவதும் அதுவே.) தேர் திரும்பும்வரை ஊரே வெயிலில் நிற்கும். எவரும் முணுமுணுப்பதில்லை. வடம் பிடித்தவர்களும் பார்த்து நிற்பவர்களும் அதற்காகவே வந்தவர்கள். காரின் பின்னே நிற்பவர் அதற்காக வந்தவரல்லர். அவரிடம் எவரும் சம்மதம் கேட்கவுமில்லை.

மனிதருள்ளும் இத்தகையோர் உளர். ஓவியர் போல் கோகான் பங்குச்சந்தைத் தொழிலை விட்டு ஓவியத்துக்கே தம்மை ஒப்புக்கொடுத்தவர். மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் பிரிந்து 1891இல் தஹிற்றித் தீவுக்குச் சென்றவர். வரலாற்று விபரங்களுக்குக் கட்டுப்படாத ஒரு கோகானை எடுத்துக்கொண்டு, மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ் 1976இல் ஒரு வினாவை எழுப்பினார். அத்தகைய தெரிவை நியாயப்படுத்துவது எது? ஓவியம் வெற்றிபெற்றால் மாத்திரமே நியாயம் கிடைக்கும்; அதுவும் பின்னரே கிடைக்கும் என்பது அவர் கருத்து. அந்நியாயமுங்கூடக் கைவிடப்பட்டவர்களின் முறைப்பாட்டைப் போக்கிவிடும் என்று அவர் கூறவில்லை. இங்கு நான் அவருடன் உடன்படுகிறேன். ஓவியங்கள் பெரியவை; அதனால் கோபன்ஹேகனில் பிள்ளைகளுடன் இருந்த மனைவியின் பாரம் குறைந்துவிடவில்லை. 'அவர் இயல்பு அப்படி' என்று மேதைகளுக்காக நாம் சொல்லும் சமாதானத்தை, மேதைகளல்லாத நம் தந்தையரும் அண்ணன்மாரும், சில வேளைகளில் நாமுங்கூட, எத்துணை எளிதாக எடுத்தாள்கிறோம்!

எனவே நான் காரோட்டியிடம் கேட்பது வேகத்தைத் துறக்குமாறு அன்று. தம் காரின் வட்டம் 12 மீற்றர் என்பதை அவர் அறிந்திருக்கவேண்டும். அறிவது எளிது, காருடன் தரும் கைந்நூலிலேயே அந்த எண் உண்டு. மனிதருக்கு அத்தகைய கைந்நூல் இல்லை; உடன்வாழ்பவர்களிடம் கேட்டே அறியவேண்டும், அவர்கள் சொல்வதும் இனிப்பாக இராது. அறிந்தபின், ஒன்பது மீற்றர் அகலமுள்ள வீதியில் திரும்ப முயன்றுவிட்டு 'என் கார் அப்படி' என்று கையை விரிக்க அவருக்கு உரிமையில்லை. முன்கூட்டியே வழியைத் தெரிந்துகொள்ளும் சிரமம் அவருடையது.

அவ்வாறு ஓட்டுபவர் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கிறேன். எதிர்ப்புறத்தில் தம் வீட்டு வாயிலைக் கண்டும் நிறுத்தாது கடந்து செல்கிறார். அரை மைல் தூரம் சென்று சுற்றுவட்டத்தில் திரும்பி வந்து, காரை வாயிலருகே மெதுவாக ஒதுக்குகிறார். வீட்டில் சோறு ஆறியிருக்கலாம். அவர் பின்னே வந்து முன்னே போய்விட்டவர்களுக்கு இவை எவையும் தெரியா.