தொடைக்குச் சும்மாடு உண்டா?

குண்டடம் தாண்டும்போதே எனக்குத் தொடை வெந்துவிட்டது. திருப்பூரிலிருந்து கிளம்பி 30 கிலோமீட்டர் சொச்சம்தான் ஆகியிருந்தது. தைப்பூசத்துக்குப் பழனி போகிற எங்கள் குழுவில் அது என் முதல் வருஷம். முந்தின நாள் வாங்கிய காவி வேட்டி, கஞ்சி விறைப்புக்கூடப் போகாதது. உள்ளே எங்கள் கம்பெனி ரிஜெக்ஷன் பீஸில் ஒரு காட்டன் டிராயர். பாதத்தைப் பற்றி ஊரே எச்சரித்திருந்தது: முள் இருக்கும், கொப்புளம் வரும், வெறுங்காலில் பத்து நாள் நடந்து பழகிக்கொள்ளுங்கள் என்று. தொடையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தாராபுரம் வந்தபோது காலை அகட்டி அகட்டி நடந்துகொண்டிருந்தேன். அன்னதானப் பந்தலில் நடந்து வருபவர்களின் கால்களை மடியில் வாங்கி எண்ணெய் தேய்த்துவிட இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சில் உட்காரச் சொல்லி என் காலையும் இழுத்தார்கள். பாதத்தை நீட்டினேன். பாதம் நன்றாகத்தான் இருந்தது. வலிக்கிற இடத்தை எப்படி நீட்டுவது?

கூட வந்த பெரியவர் ஒருவர் என் நடையைப் பார்த்தே புரிந்துகொண்டார். "வலியச் சாமிகிட்டக் குடுத்துருங்க, அவரு பாத்துக்குவாரு" என்றார். கொஞ்சம் திருநீறும் கொடுத்து, வெந்த இடத்தில் வைக்கச் சொன்னார். மறைவாகப் போய் வைத்தேன். அப்போது நான் போட்ட "அரோகரா" பக்தியில் வந்ததில்லை.

தாராபுரத்திலிருந்து பழனிக்கு மிச்சம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அத்தனை தூரமும் நான் முருகனை நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன், ஆனால் கேள்வியாக. இந்தப் புண்ணும் அவர் கணக்கில் சேருமா? மகளுக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்து மூன்று நாள் இறங்காமல் கிடந்தபோது, தெளிந்தால் நடந்து வருகிறேன் என்று வேண்டினேன். வெந்து வருகிறேன் என்று வேண்டவில்லை. அலகு குத்திக்கொள்கிறவர் வலியைத் தானாகக் கேட்டு வாங்குகிறார். வேல் எங்கே நுழையப் போகிறது என்று அவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். எனக்கு வந்ததோ கேட்காமல் வந்தது, அதுவும் ரிஜெக்ஷன் பீஸிலிருந்து. அதைக் காணிக்கை என்று உண்டியலில் போட்டால் செல்லாத நோட்டு மாதிரி இருக்காதா?

நான் பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். எனக்கு இந்தப் புண் எப்படி வந்தது என்று சொல்லத் தெரியும். ஓவர்லாக்கில் தைத்த டிராயரின் உள்பக்கம் தையல் ஒரு வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். கடைக்காரர் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து வாங்குவார். போடுகிறவனுக்கு உள்பக்கம்தான். அந்த வரப்பு, இரண்டு தொடையும் சேர்கிற இடத்தில் சரியாக வந்து உட்காரும். ஒரு கிலோமீட்டருக்கு 1300 அடி என்று வைத்தாலும், பழனிக்கு 80 கிலோமீட்டருக்கு லட்சம் அடியைத் தாண்டும். லட்சம் தடவை ஒரே இடத்தில் அரம் போடுகிற வேலை அது. தோல் காய்ந்திருந்தால் ஓரளவு வழுக்கிப் போகும். வேர்வையில் ஊறி மெத்துப்பட்ட தோலோ ஒட்டிப் பிடிக்கும், உராய்வு கூடும். காட்டன் வேர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். பிறகு வேர்வை காயும்போது உப்பு படியும். அப்புறம் நடப்பது மணல் தாளோடு நடப்பதுதான். பவுடர் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் முதல் ஐந்து கிலோமீட்டர் சந்தோஷமாக இருப்பார்கள். அதற்குள் அது வேர்வையில் களியாகித் திரண்டுவிடும்.

இதெல்லாம் துணி விஷயம், சாமி விஷயம் எங்கே வந்தது என்பீர்கள். அடுத்த வருஷம் கிளம்புவதற்கு முன் வாஸ்லின் டப்பா ஒன்றைப் பையில் வைத்தேன். அதைப் பார்த்த அதே பெரியவர், "நோகாம நோம்பு கும்பிடப் பாக்கறீங்களாட்ட இருக்குது" என்று சிரித்தார். கேலிதான். ஆனாலும் எனக்கு அது உறைத்தது. வலியைத் தடுத்துக்கொண்டு செய்கிற நேர்ச்சை முழுசா, அரையா?

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அம்மாயி. தீர்த்தக் குடம் எடுக்கும்போது பழைய சேலைத் துணியை உருட்டிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்த பிறகுதான் குடத்தை ஏற்றுவாள். சும்மாடு இல்லாமல் எடுத்தால் புண்ணியம் கூடும் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. குடம் நிற்காது, தண்ணீர் சிந்தும் என்றுதான் சொல்வாள். சக்திகிரி, சிவகிரி இரண்டையும் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கி வந்தவன் இடும்பன். அவன் வழிவந்த காவடி மரபில், தண்டுக்கு அடியில் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொள்வதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. தலைக்குச் சும்மாடு உண்டு, தோளுக்குத் துண்டு உண்டு. தொடைக்கு மட்டும் ஏன் இல்லை? அது மறைவான இடம், அவ்வளவுதான். நாம் பக்தி என்று சொல்லிக்கொண்டது பாதி வெட்கம்.

பழனியில் நிற்கிற சாமியையே பாருங்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோவணத்தோடு மலையேறிய ஆண்டி. போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்று நம்பப்படும் திருமேனி. அந்தத் துறவிக்கே தினமும் நல்லெண்ணெய், பஞ்சாமிர்தம் என்று அபிஷேகம் நடக்கிறது. ராத்திரி நடை சாத்துவதற்கு முன் சந்தனம் சாத்துகிறார்கள். விடியற்காலையில் அதைக் களைந்து ராக்காலச் சந்தனம் என்று கொடுக்கிறபோது வாங்குவதற்குக் கூட்டம் முட்டுகிறது. உடம்பை விட்டவர் என்று நாம் கும்பிடுகிற ஒருவருக்குக் குளிர்ச்சியாக ஏதாவது பூசிவிடத்தான் நம் கை முதலில் போகிறது. 693 படி ஏறி நின்று அதைப் பார்க்கும்போது, என் பையிலிருக்கும் டப்பா அத்தனை பெரிய குற்றமாகத் தெரியவில்லை.

ஆனால் அப்பர் இருக்கிறாரே. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிற கதை: கயிலாயம் பார்க்க நடந்தார், பாதம் தேய்ந்தது, கையை ஊன்றிப் போனார், கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார், அதுவும் தேய்ந்தது, பிறகு புரண்டார். உராய்ந்து உடம்பு தீர்ந்துபோவதைத் தமிழில் இவ்வளவு தூரம் சொன்ன வேறு கதை எனக்குத் தெரியாது. எங்கள் பெரியவர் இந்தக் கதையைத்தான் எடுத்துக்காட்டுவார். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: கடைசியில் சாமி என்ன செய்தார்? முனிவராக வந்து, மனித உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பிப் போங்கள் என்றார். அப்பர் மறுத்ததும், தேய்ந்த அங்கமெல்லாம் திரும்பக் கொடுத்து, ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றுக் குளத்தில் எழச் செய்தார். கயிலாயக் காட்சி அங்கே, பழகிய காவிரிக் கரையிலேயே கிடைத்தது. தேய்ந்த உடம்போடு சிவன் அவரைப் பார்க்கவில்லை. முதலில் உடம்பைச் சரிசெய்தார். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தேயாம இருந்திருந்தா வந்திருப்பாருங்களா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

பௌத்தர்களின் வினய நூலில் சோணர் கதை ஒன்று உண்டு. பணக்கார வீட்டுப் பிள்ளை, உள்ளங்காலில் ரோமம் முளைக்கிற அளவுக்குப் பூப்போல வளர்ந்தவர். துறவியாகி ராஜகிருகத்தில் மேலும் கீழும் நடந்தே தியானம் செய்தார். கால் வெடித்து நடைபாதை முழுக்க ரத்தம். புத்தர் வந்து பார்த்தார். வீணைத் தந்தியை ரொம்ப முறுக்கினாலும் தளர்த்தினாலும் நாதம் வராதே என்று சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சோணர் மட்டும் ஒற்றைத் தோல் செருப்புப் போட்டுக்கொள்ளலாம் என்றார் புத்தர். இவ்வளவு சொத்தை விட்டு வந்தவன் ஒரு செருப்பை விடவில்லையே என்று ஊர் பேசும், எனக்கு மட்டும் வேண்டாம், எல்லோருக்கும் அனுமதித்தால் போட்டுக்கொள்கிறேன் என்றார் சோணர். எல்லோருக்கும் அனுமதி கிடைத்தது. அவருக்கும் புண்ணைவிட ஊர்ப்பேச்சுதான் பெரிய தடையாக இருந்திருக்கிறது.

ஊர்ப்பேச்சு இல்லாத இடம் ஒன்றையும் பார்த்தேன். காய்ச்சலில் கிடந்த அதே மகள் இப்போது கோவையில் வேலை பார்க்கிறாள், விடியற்காலையில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி ஓடுகிறாள். 2013-இல் தொடங்கி, புற்றுநோய் அறக்கட்டளை ஒன்றுக்காக நடக்கிற கோயமுத்தூர் மாரத்தானில் அவள் 21 கிலோமீட்டர் ஓடியபோது வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். கிளம்புவதற்கு முன் ஆணும் பெண்ணுமாக நின்று தொடையிடுக்கு, அக்குள், மார்பு என்று சர்வ சாதாரணமாக வாஸ்லின் தடவிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முடிவில் ஒருவர் வெள்ளைச் சட்டையில் மார்புக் காம்பு இரண்டிலிருந்தும் ரத்தக்கோடு வழிய வந்தார். ஈரத் துணி உரசி உரசி அறுத்திருக்கிறது. "டேப் ஒட்ட மறந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்! மகள் என்னிடம், "உங்க ஓவர்லாக் எல்லாம் இங்க ஆகாதுங்கப்பா" என்றாள். அவள் போட்டிருந்த கால்சட்டையைப் பிறகு உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நாலு ஊசி, ஆறு நூல் மிஷினில் துணியைத் துணியோடு முட்டவைத்துத் தட்டையாகத் தைத்திருந்தார்கள். விரலில் வரப்பே தட்டவில்லை. அதுவும் திருப்பூரில் தைத்ததாகவே இருக்கலாம். நாங்கள் ஊருக்கெல்லாம் தைத்து அனுப்பிவிட்டு ரிஜெக்ஷனைப் போட்டுக்கொண்டு பழனிக்கு நடக்கிறோம்.

இப்போது வேட்டிக்குள் முழங்கால் வரை ஒட்டிப் பிடிக்கிற பாலியெஸ்டர் கால்சட்டை. எதுவும் புதிதில்லை, எல்லாம் நாலைந்து தடவை துவைத்தது, வேட்டியும் கஞ்சி போனது. கிளம்பும்போதே தடவிக்கொள்வேன், எரிய ஆரம்பித்த பிறகு தடவிப் பிரயோஜனமில்லை. வாஸ்லின் தீர்ந்தால் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய். அது சீக்கிரம் வழிந்துவிடும், அடிக்கடி போட வேண்டும். தாராபுரத்தில் அமராவதியில் தண்ணீர் இருந்தால் இறங்கி உப்பைக் கழுவி, துடைத்து, மறுபடி தடவிக்கொண்டு நடப்பேன். சண்முக நதியில் குளிக்கும்போது தோல் முழுசாக இருக்கிறது. ஆறேழு வருஷமாக எனக்கு ஒரு கீறல் இல்லை.

அதனால் கேள்வி தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன், தீரவில்லை. போன தைப்பூசத்தில் அவினாசிபாளையம் தாண்டி நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று உறைத்தது: கிளம்பியதிலிருந்து நாங்கள் பேசியதெல்லாம் நூல் விலை. ஒண்ணாம் தேதி எவ்வளவு ஏறியது, யார் ஆர்டர் யாருக்குப் போனது, எந்தப் பார்ட்டி பணம் நிறுத்தியது. வெந்த தொடையோடு நடந்த வருஷம் நான் முருகனைத் திட்டியாவது நினைத்தேன். நோகாத உடம்பு கடைத்தெருவை அப்படியே தூக்கிக்கொண்டு நடக்கிறது. வந்த நோயைப் பொறுப்பதைத் தவத்தின் வடிவமாக வள்ளுவர் சொன்னதற்குப் பின்னால் இப்படி ஏதாவது ஒன்று இருக்குமோ என்று நினைத்தேன். அதற்காக டப்பாவைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை.

குண்டடத்துக்குப் பக்கத்தில் வேறு குழுவைச் சேர்ந்த ஒரு பையன் தனியாகப் பின்தங்கி வந்துகொண்டிருந்தான். கால் அகன்றிருந்தது. வேட்டி புதுசு. டப்பாவை நீட்டினேன்.

"கால் நல்லாத்தானுங்க இருக்குது" என்றான்.

"காலுக்கில்லீங்க தம்பி."

முகம் சிவந்துவிட்டது. வாங்கிக்கொண்டு ரோட்டோரப் புளியமரத்துக்குப் பின்னால் போனான். வந்தபோது நடை நேராகிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் எங்களோடு பேசாமல் வந்தான். பிறகு எங்கே வேலை என்று கேட்டான், சொன்னேன். அவனும் ஒரு நிட்டிங் கம்பெனியில்தான் இருக்கிறானாம்.

"ஏனுங்க மாஸ்டரு, நூலு இன்னும் ஏறுமுங்களா?" என்றான்.