நொடிக்கு எத்தனை பைட்?

குறியாக்க மென்பொருளின் வேகத்தைப் பார்க்கப் பலரும் முதலில் தட்டுவது ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'ஸ்பீட்' கட்டளையைத்தான். ஒரு குறியாக்க முறையை மட்டும் சோதித்தால் அரை நிமிடத்துக்குள் அட்டவணை வந்துவிடும். எண்களில் பிழை இருக்காது. எதை அளந்த எண்கள் என்பதில்தான் சிக்கல்.

இன்டெல் 2010-இல் வெளியிட்ட வெஸ்ட்மியர் சில்லுகளில் ஏஇஎஸ் குறியாக்க முறைக்கென்றே தனி ஆணைகள் உண்டு. ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 வரை, ஏஇஎஸ் பெயரை வெறுமனே கொடுத்தால் அந்த ஆணைகளைத் தொடாத பழைய வழியில்தான் சோதனை ஓடும். '-இவிபி' என்று சேர்த்தால் அதே கணினி பல மடங்கு வேகம் காட்டும். பெரும்பாலான நிரல்கள் நிஜத்தில் போவது இந்த இரண்டாவது வழியில். முதல் வழியில் எடுத்த எண்ணை வைத்து 'ஏஇஎஸ் மெதுவானது' என்று தீர்ப்பெழுதியவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

அட்டவணையின் நெடுவரிசைகளையும் கவனிக்க வேண்டும். 16 பைட்டில் தொடங்கி 16,384 வரை, ஒவ்வோர் அளவுக்கும் 3 நொடிச் சோதனை. சின்னத் துண்டுகளில் குறியாக்கத்தைவிட, அதை அழைக்கும் செலவே நேரத்தைத் தின்னும். குறுஞ்செய்தி அனுப்பும் செயலி எழுதுபவருக்கு இடப்பக்க எண்கள்தான் உதவும். விளம்பரங்களில் வருவதென்னவோ வலக்கோடி எண்.

அடுத்து, கடிகாரம். இயல்பாக இந்தக் கட்டளை கணக்கில் எடுப்பது, நிரல் தன் சொந்த வேலைக்குச் செலவிட்ட சிபியு நேரத்தை மட்டுமே. குறியாக்க வேலையை கெர்னலிடமோ தனி முடுக்கியிடமோ ஒப்படைத்துவிட்டால், நிரல் சும்மா காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது. நம்பவே முடியாத வேகம் திரையில் வரும். '-எலாப்ஸ்ட்' என்று சேர்த்தால் சுவர்க் கடிகார நேரம் கணக்காகும்.

அந்த நேரத்தையும் டர்போ பூஸ்ட் கலைத்துவிடும். சில்லு குளிர்ந்திருக்கும்போது வேகம் ஏறும், சூடானால் இறங்கும். குறியாக்க ஆய்வாளர்களான பெர்ன்ஸ்டைனும் டான்யா லாங்கேவும் நடத்தும் ஈபாக்ஸ் என்ற வேக அளவீட்டுத் திட்டம் நொடிகளை விட்டுவிட்டு ஒரு பைட்டுக்கு எத்தனை சுழற்சி என்று எண்ணுகிறது. அங்கேயும் டர்போவை அணைத்தாக வேண்டும். ஏனென்றால் சுழற்சியை எண்ண உதவும் சில்லின் நேரமுத்திரை எண்ணி ஒரே சீராக ஓடும். கோரின் வேகமோ கூடிக் குறையும்.

வட்டுக் குறியாக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். லினக்ஸின் 'கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க்' கட்டளை நினைவகத்தை மட்டும் வைத்தே சோதிக்கிறது. வட்டைத் தொடுவதே இல்லை என்று தானே அச்சிட்டும் விடுகிறது. சரி, வட்டில் எழுதியே பார்ப்போம் என்று தரவை நகலெடுக்கும் 'டிடி' கட்டளையை ஓட்டினால், கெர்னல் தரவை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். 'கான்வ்=எஃப்சிங்க்' சேர்த்து ஓட்டினால்தான் வட்டில் எழுதி முடிக்கும் நேரமும் கணக்கில் சேரும்.