கிரீடம் பொய்யா?

அனந்தபுரத்தில் ஓர் இரவு. விடிய விடியத் தேசிங்குராஜன் கூத்துப் பார்த்துவிட்டு எழுந்தபோது, உடனிருந்த இளந்தோழர் ஒருவர் சினந்து பேசினார்: “இவனா தேசிங்கு? புந்தேல இராசபுத்திரன் தலையில் பாகையன்றோ இருந்திருக்கும்? மரக்கட்டைக் கிரீடமும், கண்ணாடிச் சில்லு பதித்த புசக்கட்டையும்! நேற்று அருச்சுனன் சூடிய அதே கிரீடம்! வரலாற்றை நடித்துக் காட்டுவதென்றால் உள்ளபடி காட்டவேண்டாமா?”

உள்ளபடி! அந்தச் சொல் நம்மை விடவில்லை. செஞ்சிக்கோட்டை கண்ணுக்கெட்டும் தொலைவில் நிற்கிறது. 1714 அக்டோபரில் அக்கோட்டைக்கு உரியவனாயிருந்த இளைஞன் தேஜ்சிங், கப்பப் பாக்கி கேட்டுப் படையெடுத்து வந்த ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்து நின்று மாண்டான். சில நூறு குதிரைவீரர் ஒருபுறம். பல்லாயிரம் பேர் மறுபுறம். இவ்வளவும் வரலாறு. அவன் தலையில் இருந்தது பாகையா, கிரீடமா என்பதில்தானா உண்மை தங்கியிருக்கிறது?

கடல் கடந்து ஒரு காட்சியைக் காண்போம். அமெரிக்காவின் இராக்கி மலைப்பகுதியில் 1825 முதல் 1840 வரை கோடைதோறும் ஒரு சந்தை கூடிற்று. பீவர் என்னும் நீர்வாழ் விலங்கைப் பொறிவைத்துப் பிடித்த மலைவேட்டைக்காரர், அதன் தோலைக் கொடுத்து வெடிமருந்தும் போர்வையும் சாராயமும் வாங்கிச் சென்றனர். அம்மயிர் சீமான்களின் தொப்பியாயிற்று. பிறகு பட்டுத்தொப்பி மோகம் வந்தது, பீவரும் அருகிற்று, சந்தையும் ஓய்ந்தது. இன்று அந்நாட்டில் பலர் விடுமுறை நாட்களில் கூடாரமடித்து அச்சந்தையை மீண்டும் நடித்துப் பார்க்கின்றனர். 1840க்குப் பிற்பட்ட பொருள் எதுவும் கண்ணில் படலாகாது என்பது அத்தகைய கூட்டங்கள் பலவற்றின் விதி. தோலாடையைக் கையால் தைக்கவேண்டும். நெருப்பைச் சிக்கிமுக்கிக் கல்லால் மூட்டவேண்டும். பிளாஸ்டிக் குவளை தலைகாட்டக் கூடாது.

நாம் இதை ஏளனம் செய்யவில்லை. ஒரு தையலைக்கூடப் பொய்யாகப் போடமாட்டேன் என்று ஒருவன் உறுதி கொள்வது எளிய செயலன்று. நம் நாட்டில் ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டின்மேல் சுண்ணாம்படிப்பவர் அந்த உறுதியில் நூற்றில் ஒரு பங்கு பெற்றிருந்தால் போதுமே! ஆனால் 1837இல், தோல் வாணிகக் கும்பினியின் நீராவிக் கப்பலொன்று மிசௌரி ஆற்றின் வழியே பெரியம்மையைக் கொண்டு சேர்த்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த மாண்டன் இனத்தாரில் நூற்றுச் சிலரே எஞ்சினர். நூலும் ஊசியும் உள்ளபடி இருக்க, இந்தச் சாவுக்கு மட்டும் அக்கூடாரங்களில் இடமில்லையென்றால், அது நன்றாகத் தைக்கப்பட்ட பொய் அல்லாமல் வேறென்ன?

இப்போது நம் கூத்துக்கு வருவோம். அந்தக் கிரீடம் யாரையும் ஏமாற்றவில்லை. அது “இவன் அரசன்” என்று சொல்லும் அடையாளம்; அவ்வளவே. களத்தில் குந்தியிருக்கும் பாட்டிக்கும் அது தெரியும். ஏமாற்று வேறிடத்தில் இருக்கிறது. போருக்குப் புறப்படும் தேசிங்கைச் சிங்கவரத்து அரங்கநாதர் தடுத்தாராம். கேளாமல் போனதால் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்! பல்லவர் காலத்துப் பாறைச் சிற்பம் செதுக்கியபடி கிடக்கிறது. அதன் முகத்தைக் காட்டி, ஒரு படையின் தோல்விக்குக் காரணம் கற்பிக்கிறார்கள். வரியும் பாக்கியும் படைபலமும் மறைந்து போகின்றன. பாகை கட்டினால் இந்த மடமை தீருமா?

அடுத்தது இளம் அரசி உடன்கட்டை ஏறும் காட்சி. மஞ்சளும் மலரும், மங்கல வாத்தியமும், கைகூப்பும் கூட்டமும்! நம்மவர் சிலர், “அதை வெட்டியெறிந்துவிட்டு ஆடுங்கள்” என்கின்றனர். நாம் உடன்படவில்லை. தீயில் ஒரு பெண் மாண்டாள் என்பதை மறைப்பதும் புரட்டுத்தானே? மாண்டன் மக்களின் சாவை மறைப்பது தவறென்றால், இது மட்டும் எப்படிச் சரியாகும்? காட்சி இருக்கட்டும், வழிபாடு போகட்டும். கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான்; மன்னனையே மடக்கிக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. “போரிட்டவன் அவன், நெருப்பு மட்டும் இவளுக்கா?” என்று அவன் ஒருமுறை கேட்கட்டும். மத்தளம் சற்று நிற்கட்டும்.

நமக்கு இனிப்பதையும் இதே தராசில் நிறுத்தாவிட்டால் நாம் பகுத்தறிவாளர் அல்லர். தேசிங்கின் உயிர்த்தோழன் ஒரு முசுலீம். மணப்பந்தலிலிருந்து எழுந்தோடி வந்து நண்பனுக்காக மாண்டான் என்பது கதைப்பாடல். நம் நெஞ்சு நிறைகிறது; மேடைதோறும் எடுத்துச் சொல்லத் தோன்றுகிறது. சொல்லலாம். ஆனால் மணப்பந்தல் கதை பாடலில் உள்ளது என்று கூறியே சொல்லவேண்டும். நமக்கு உதவும் கற்பனை வரலாறாகிவிடாது.

கோட்டையும் இதற்கு விலக்கன்று. 2025இல் யுனெஸ்கோ அதனை மராட்டியப் படைத்தலங்கள் பன்னிரண்டில் ஒன்றாக உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது, நமக்கும் மகிழ்ச்சியே. சிவாசி அதைக் கைப்பற்றியது 1677இல். அதற்கு முன் நாயக்கர், பீசப்பூர் சுல்தான். பின் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். கல் சுமந்தவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இவ்வளவையும் இளந்தோழரிடம் சொன்னோம். அவர் பாகையை விட்டுவிடவில்லை. “அதுவும் இருக்கட்டுமே” என்றார். இருக்கட்டும், தடையில்லை. பிறகு அவரே கேட்டார்: “அந்த அரசியின் பெயரென்ன?” கதைப்பாடல் இராணிபாய் என்கிறது. கணவனைக் கொன்ற நவாபே அவள் நினைவாக அமைத்ததாகச் சொல்லப்படும் ஊர் இராணிப்பேட்டை. 2019 முதல் அது ஒரு மாவட்டத்தின் பெயருமாகும். இராணி என்பது பட்டம். அவளைப் பெற்றவர்கள் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று தோழர் மறுபடியும் கேட்டார். நம்மிடம் விடையில்லை.