சேற்றில் குடியிருப்போர்

மாரி தொடங்கி மட்டக்களப்பு வாவி கலங்கியதும் கல்லடிப் பாலத்திலும் வலையிறவுப் பாலத்திலும் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படம் பிடிப்போர் கூடிவிடுவார்கள். மறுநாள் முகநூலில் 'வெளிநாட்டுப் பறவைகள் வருகை' என்று கூழைக்கடாவின் படம் வரும். கூழைக்கடா நம் நாட்டுப் பறவை. மஞ்சள் மூக்கு நாரையும் அப்படித்தான். குளம் வற்றினால் வாவிக்கு வரும், வாவி பெருகினால் வயலுக்குப் போகும். உண்மையாகவே கடல் கடந்து வந்தது அந்தப் படத்தின் ஓரத்தில், சேற்று நிறத்தில், கைப்பிடியளவு நிற்கும் உள்ளான். அதை யாரும் கவனிப்பதில்லை. அழகில்லை என்றுதான் காரணம் சொல்ல வேண்டும்.

உள்ளானில் வளைந்த அலகுள்ள இனம் ஒன்று உண்டு. வட சைபீரியத் தூந்திரத்தில், தைமீர்ப் பக்கம் முட்டையிடுவது. ஜூனில் போய்ச் சேரும். ஜோடி சேர்ந்து சில கிழமைகளிலேயே ஆண் பறவை தெற்கே கிளம்பிவிடும். குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும் தாயும் அவற்றுக்கு முன்பே புறப்பட்டுவிடுவாள். குஞ்சுகள் வழிகாட்டப் பெற்றோர் இல்லாமலே பாதி உலகம் கடக்கின்றன. ஓகஸ்ட், செப்டெம்பரில் இலங்கைக் கரைக்கு வந்தால் மார்ச், ஏப்ரல் வரை இங்கேதான் வாசம். இளசுகளில் பல முதல் வருடம் வடக்கே போவதே இல்லை; கோடையையும் நம் வெயிலிலேயே கழிக்கும். ஆக, ஆண்டில் பாதிக்கு மேல் நம்மோடு. முட்டையிடும் மண்ணில் இரண்டு மாதம் இருந்தாலே அதிகம். இதற்கு வெளிநாட்டு முத்திரை குத்த நாம் யார்?

மட்டக்களப்பில் இந்தக் கேள்வி பறவையோடு நின்றுவிடுவதில்லை. என் சொந்தத்தில் ஒரு அண்ணன் முப்பது வருடங்களுக்கு மேலாகச் சுவிஸில் இருக்கிறார். மண்டூர் முருகன் திருவிழாவுக்கு லீவு போட்டு வருவார். உள்ளான்கள் வந்திறங்கும் அதே காலம். வேலை, வரி, வைத்தியம், பேரப்பிள்ளை எல்லாம் அங்கே. "எந்த ஊர்?" என்றால் மட்டும் யோசிக்காமல் "மண்டூர்" என்பார். "நீங்க இப்ப அங்கத்த ஆள்தானே அண்ணே" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "பிறந்த ஊர அப்பிடி விட ஏலுமா தம்பி?" என்றார், கொஞ்சம் கோபமாகவே.

அவர் கோபத்தில் நியாயம் உண்டு. நம்மில் பலர் விரும்பி ஊரை விட்டுப் போனவர்கள் அல்ல. ஆனாலும் எனக்கு வேறொரு எண்ணம். பிறப்பு ஒருநாள் காரியம். தினமும் எழுந்து உண்டு, நோய்ப்பட்டு, உழைத்து, வயதாகும் இடத்துக்கும் நம் மேல் பாத்தியதை இருக்கிறது. அந்த இடத்தின் மேல் நமக்கும் இருக்கிறது. சுவிஸ் நகரசபை அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறதோ, அதையே நம் வாவி உள்ளானுக்குக் கடன்பட்டிருக்கிறது.

கடன் என்றால் என்ன? சேறுதான். மாரி வெள்ளம் ஏறி வயல் மூழ்கும்போது வாவியின் முகத்துவாரத்தை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். மீனும் இறாலும் போய்விடும் என்று மீன்பிடிப்போர் தயங்குவார்கள். இரு பக்கமும் வயிற்றுப்பாடு. வெட்டி நீர் வடிந்ததும் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்ட இந்த வாவியின் ஓரங்களில் சேறு வெளிப்படும். புழுவும் சிறு நத்தையும் நிறைந்த அந்தச் சேறுதான் உள்ளானின் சோற்றுக்கோப்பை. வடக்கே பறக்க வேண்டிய கொழுப்பையும் இப்படிப்பட்ட சேற்றில்தான் அது சேர்த்துக்கொள்கிறது. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் தடங்காட்டும் கருவி பூட்டிய 'மேகா' என்ற கடற்காகம் ரஷ்யாவின் யமால் வரை போய்த் திரும்பியது. அவ்வளவு தூரத்துக்கான எரிபொருள் நம் கரைகளில் கிடைப்பது.

நமக்கோ சேறு வெறும் இடம். லொறியில் மண் கொண்டுவந்து கொட்டி மதில் கட்டலாம். கோழிக்கழிவைப் பையில் கட்டி இரவில் எறியலாம். 'வேறு இடம் பார்த்துக்கொள்ளும்' என்பது நம் சமாதானம். பார்த்துக்கொள்ளாது. கரைப்பறவைகள் வருடா வருடம் பழகிய அதே சேற்றைத் தேடி வருபவை. இவை வரும் வழியான மத்திய ஆசியப் பறவைப்பாதை இலங்கையில் முடிகிறது. இதற்குத் தெற்கே அண்டார்ட்டிக்கா வரை கடல்தான்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. எண்ணுவதற்கு ஆட்கள் வருவார்கள். எண்ணப்படுபவை நிற்பதற்கு இடம் வைப்பது வாவிக்கரையில் காணி உள்ள நம் வேலை. இந்த மாரி முடிந்து நீர் வடியும்போது வேலிக்கட்டையைத் தண்ணீர் ஓரம் வரை தள்ளி நடாதீர்கள்.