அந்தி நேரத்துக் கேள்வி

மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பொழுது சாய்கிறது. கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பிய அம்மா, அடுப்பை மூட்டியபடியே கேட்கிறாள்: “இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்னடா நடந்துச்சு?”

பதின்பருவப் பிள்ளைகள் ஏன் தடம் மாறுகிறார்கள் என்றுதான் ஊர் கேட்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி 1969இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: பெரும்பாலோர் ஏன் தடம் மாறுவதில்லை? வீட்டோடும் பள்ளியோடும் உள்ள ஒட்டுதல்தான் பிடித்து நிறுத்துகிறது என்றார். அம்மாவின் அந்திக் கேள்வியும் அந்த ஒட்டுதலின் ஓர் இழைதான்.

கேரளம் 2010இல் தொடங்கிய மாணவர் போலீஸ் கேடட் திட்டமும் பள்ளியில் பிடிப்பை வளர்க்கும் முயற்சிதான். சீருடையைக் கழற்றியபின் காதுகொடுக்க வீடு வேண்டுமே!

மூணாறோ கொழிஞ்சாம்பாறையோ, எந்த ஊரானாலும் பிள்ளையின் பதில் “ஒண்ணுமில்ல” என்றே வரலாம். பரவாயில்லை, நாளைக்கும் கேளுங்கள்.