வானத்துக்குக் காவல் யார்?

உடைமை உள்ள இடத்தில்தான் காவலும் உண்டு என்பது நமது பழக்கம். தோட்டத்துக்கு வேலி, வீட்டுக்குப் பூட்டு, நாட்டுக்குப் படை. எவருக்கும் உரித்தில்லாத ஒன்றுக்கு ஒரு நாட்டின் படை காவல் நிற்கலாமா?

ஐக்கிய அமெரிக்கா 2019 டிசம்பர் 20ஆம் திகதி விண்வெளிப் படையைத் தனிப் பிரிவாக நிறுவியது. மறு ஆண்டு அதன் வீரர்களுக்குக் 'காவலர்' எனப் பெயர் சூட்டியது. விண்வெளியின் எப்பகுதியையும் எந்த நாடும் தனதாக்கிக் கொள்ள முடியாது என்கிறது 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம். அமெரிக்காவும் அதில் ஒப்பமிட்ட நாடுதான்.

இப்படையை வெறும் போர் வெறியின் விளைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நியாயமல்ல. ஜீ.பி.எஸ். செய்மதிகளை இயக்குவது இப்படையே. 1983இல் வழிதவறிய கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் மாண்டனர். அதன் பின்னர், இராணுவத்துக்கென உருவாகிவந்த அம்முறைமையைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் இலவசமாகத் தருவதாக அமெரிக்கா அறிவித்தது. இன்று பேருவளையிலிருந்து ஆழ்கடல் செல்லும் படகுக்குத் திசை காட்டுவதும் அச்செய்மதிகள்தாம்; குண்டுக்கு இலக்கைக் காட்டுவதும் அவைதாம்.

கத்தியில் குற்றமில்லை, பிடித்த கையில்தான் குற்றம் என்பார்கள். இங்கே அக்கையோ ஒரேயொரு நாட்டினது. அதை நம்பிக் கடலில் இறங்குபவனுக்கு அக்கையிடம் கேள்வி கேட்கும் உரிமை இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தரையில் வென்றவனுக்கு நிலமாவது மிஞ்சும். விண்வெளியில் மிஞ்சுவது சிதைவுகளே. 2007இல் சீனா தனது பழைய வானிலைச் செய்மதியை ஏவுகணையால் தகர்த்தபோது, கண்காணிக்கத்தக்க துண்டுகள் மட்டுமே 3,000க்கு மேல் சிதறின. 2021 நவம்பரில் ரஷ்யா அவ்வாறே செய்தது. அத்துண்டுகளுக்கு அஞ்சிச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஓடங்களுக்குள் ஒதுங்கியவர்களுள் ரஷ்யர்களும் இருந்தனர்! அமெரிக்கா 1985இலும் இந்தியா 2019இலும் இதே வகைச் சோதனையைச் செய்தவையே. சிதறிய துண்டுக்குக் கொடியும் தெரியாது, கூட்டணியும் தெரியாது.

"மற்றவன் ஆயுதம் ஏந்துகையில் நாம் கைகட்டி நிற்பதா?" என்ற கேள்வி எழும். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அடிக்கு அடி என்ற பதில், காக்க வந்ததையே அழித்துவிடும் இடம் விண்வெளி. ஆதலால் அங்கு நிற்கும் படைக்கு அடக்கம் என்பது பெருந்தன்மையல்ல, முதற் கடமை.

அது இயலாத காரியமுமல்ல. இத்தகைய அழிவுச் சோதனைகளை இனி நடத்துவதில்லை என 2022 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 155 நாடுகள் அதே வேண்டுகோளை ஆதரித்தன. எனினும் இது சோதனைக்கு மட்டுமான உறுதிமொழி. கட்டுப்படுத்தும் சட்டமல்ல; தந்தவரே மீளப் பெறவும் முடியும்.

காவலர் என்ற பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளலாம். அதற்கான தகுதியை வழங்க வேண்டியவர்கள் காக்கப்படுவோரே. அவர்களுக்குப் பதில் சொல்லும் கடப்பாட்டை ஏற்கும் வரையில், அவர்கள் வானத்தின் காவலர் அல்லர். வானத்தில் நிற்கும் ஒரு நாட்டின் சிப்பாய்கள் மட்டுமே.